வசவில் தகவல் இல்லை

2012 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் செய்த ஒரு மாற்றத்தால், அதன்மேல் ஓடிய ஒலி சார்ந்த மென்பொருள்கள் தடுமாறின. அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரோ, குற்றம் அந்த மென்பொருள்களில்தான் என்றார். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சீறிவிட்டார். வாயை மூடச் சொல்லி, கெட்ட வார்த்தையும் சேர்த்து, உலகமே படிக்கக்கூடிய மின்னஞ்சலில் எழுதினார்.

அவர் பிடித்த கொள்கை சரி. கெர்னலை மாற்றுகிறவர் அதை நம்பி ஓடும் மென்பொருளைக் கெடுக்கக்கூடாது. பல வருடங்களுக்கு முன் எழுதிய புரோகிராம் இன்றைய கெர்னலிலும் ஓடுகிறதென்றால் இந்தக் கண்டிப்புதான் காரணம். மோசமான நிரலைப் பார்த்தும் 'நல்லா இருக்கு' என்று ஒப்புதல் தருகிறவர் தன் கடமையிலிருந்து நழுவுகிறார். அதை மரியாதை என்று சொல்ல முடியாது.

ஆனால் 'இந்த மாற்றம் தவறு, இந்தக் காரணத்தால் ஏற்க முடியாது' என்று எழுதினாலே கண்டிப்பு முழுமையாகிவிடுகிறது. எந்த வரி பிழை, எப்படித் திருத்துவது என்று வசவு சொல்வதில்லை.

இப்படித் திட்டும் சீனியரைப் பற்றி, 'அவர் அப்படித்தான், ஆனா வேலையில கில்லாடி' என்று அலுவலகங்களில் சமாதானம் சொல்வார்கள். அந்தத் திறமைதான் குற்றத்தைப் பெரிதாக்குகிறது. அவர் ஒப்புக்கொள்ளாமல் நிரல் உள்ளே போகாது. திட்டு வாங்கியவர் திருப்பிப் பேசவும் முடியாது. போன மாதம் சேர்ந்த ஜூனியர் அதே வார்த்தையை அவரிடம் சொல்லிவிட்டு வேலையில் நீடிக்க முடியுமா? ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமையை 'வெளிப்படைப் பேச்சு' என்று அழைப்பது அநியாயம்.

இதைவிடப் பெரிய நட்டம் வெளியே தெரிவதில்லை. இரவு பதினொரு மணிக்கு அந்த ஜூனியருக்குத் தன் நிரலில் ஒரு சந்தேகம் வருகிறது. கேட்டுவிடலாம் என்று சாட்டில் இரண்டு வரி அடிக்கிறார். போன வாரம் எல்லோர் முன்னிலையிலும் வாங்கிய பேச்சு நினைவுக்கு வருகிறது. அடித்ததை அழித்துவிட்டு லேப்டாப்பை மூடுகிறார். பிழை உள்ளேயே தங்கிவிடுகிறது.

லினக்ஸில் யுஎஸ்பி 3.0 டிரைவரை எழுதிய சேஜ் ஷார்ப், 2013-இல் இந்த வசவுப் பேச்சைப் பகிரங்கமாக எதிர்த்தார். 2015-இல், இதையே காரணமாகச் சொல்லி கெர்னல் பணியிலிருந்து விலகியதாக அறிவித்தார். அந்தக் கைத்திறனை லினக்ஸ் இழந்தது.

2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்து, அக்டோபரில் திரும்பினார். புதிய கெர்னல் பதிப்புகள் அதற்குப் பிறகும் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒன்றாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய மென்பொருளைக் கெடுக்கக்கூடாது என்ற விதியும் அப்படியே இருக்கிறது.