எந்தக் கோலத்தில் பாட வேண்டும்?

ஒரு பெண்ணுக்கு நல்ல குரல் இருக்கிறது. அதனாலேயே அவள் பாடியாக வேண்டுமா? பாடுவதென்றால் அதற்கான விலையை யார் கொடுப்பது? முதல் கேள்வியை எல்லாரும் அவளிடம் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரிடமும் யாரும் கேட்பதில்லை.

குரலை வளர்ப்பது உடலை வளர்ப்பதுதான். ஐரோப்பிய ஆபரா பாடகி ஒலிவாங்கி இல்லாமல், வாத்தியக் குழுவின் ஓசையைத் தாண்டி, கடைசி வரிசைவரை தன் குரலைக் கொண்டுசேர்க்க வேண்டும். மூச்சு, விலா, தொண்டை எல்லாம் பல ஆண்டுகள் அதற்காகப் பழக வேண்டும். நம் ஊர்த் தெருக்கூத்துக் கலைஞரும் அதே வேலையைத்தான் செய்தார். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் இவற்றுக்கு மேலே எழும்பி, இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை, திறந்த வெளியில் பாட வேண்டும். பாட்டாலேயே கதையை நடத்தும் கலை என்று பார்த்தால், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆபராவுக்கு நெருங்கிய உறவு கூத்துதான்.

அந்தக் கூத்தில் பாஞ்சாலி உண்டு, சுபத்திரை உண்டு, கர்ணனின் மனைவி பொன்னுருவி உண்டு. பெண் மட்டும் இல்லை. மரபாக எல்லாப் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். துகிலுரியும் காட்சியில் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். மேடையில் அழுதவர் ஓர் ஆண். பொன்னுருவியின் புலம்பலில் ஒலிக்கும் இழுப்பும் விம்மலும் ஒப்பாரியின் இழுப்பும் விம்மலும்தான். நம் ஊர்களில் ஒப்பாரி பெண்களின் கலை. அந்த நடிகர் அதைத் தன் தாயின், அத்தையின், பாட்டியின் வாயிலிருந்து கேட்டே வளர்ந்திருப்பார். ஆனால் குரு வணக்கத்தில் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. சம்பளம் பெறாத, பெயர் சொல்லப்படாத ஆசிரியைகள் அவர்கள்.

இது நம் ஊரின் தனிக்குணம் இல்லை. போப்பின் ஆட்சிக்குட்பட்ட இத்தாலியப் பகுதிகளில் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. பெண்ணைப் பாட விடுவதைவிடச் சிறுவனின் விதையை நீக்கி அவன் குரல் உடையாமல் காப்பது அந்தச் சமூகத்துக்கு எளிதாக இருந்தது. அப்படிப் பாடியவர்களில் கடைசியாகப் பேர் பெற்ற அலெசாந்த்ரோ மொரெஸ்கி 1922இல் இறந்தார். நம் சங்கரதாஸ் சுவாமிகள் இறந்ததும் அதே ஆண்டில்தான். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்களே பெண் வேடமும் கட்டினார்கள். அவர்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடையும் நாளைப் பெரியவர்கள் அச்சத்தோடு எதிர்பார்த்தார்கள். மகரக்கட்டுக்கு ஆளாகாத குரல்கள் அவரவர் வீட்டு அடுப்படியில் இருந்தன. அவர்களை அழைக்கலாம் என்ற எண்ணம் எளிதில் வரவில்லை.

அந்தக் கதவைத் தாண்டி வந்தவர்களில் ஒருவர் கே. பி. சுந்தராம்பாள். 1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமி. இசைக் கல்லூரி எதுவும் அவரைப் பயிற்றவில்லை. நாடகக் கம்பெனியும் இரவுகளும் இலங்கைப் பயணங்களும்தான் பயிற்றின. எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையிலும் வாழ்விலும் இணைந்தார். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் வெள்ளைப் புடவை; எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற நோன்பு. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். வேடமோ ஆண் வேடம், நந்தனார். 1953இல் ‘ஔவையார்’. அதில் கிழவி.

இந்த வரலாற்றைப் பத்தினித்தனத்தின் வெற்றியாகவே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. அவர் குரலுக்கு லட்சம் கொடுக்கத் தமிழ்ச் சமூகம் தயாராக இருந்தது. அந்தக் குரலை இளம்பெண் ஒருத்தியின் ஆசையுள்ள உடம்பிலிருந்து பிரித்துக் கொடுத்தபோது அதைத் தெய்வீகம் என்று கொண்டாடியது. கூத்து பெண்ணின் கோலத்தை எடுத்துக்கொண்டு பெண்ணை வெளியே நிறுத்தியது. சினிமா பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டு அவள் உடம்பை வெளியே நிறுத்தியது.

அந்த நோன்பு அவருடைய சொந்த முடிவாயிற்றே, அதைக் கூண்டு என்று சொல்ல நாம் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துக்கமும் காதலும் அவருடையவை. வெள்ளைப் புடவையை அவரே உடுத்திக்கொண்டார். அதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வண்ணப் புடவையோடு, இன்னொரு கதாநாயகனோடு, அதே ஆண்டு அவர் பாட வந்திருந்தால் அதே கைதட்டல் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றால், அவர் தேர்வில் குற்றமில்லாவிட்டாலும் நம் கைதட்டலில் குற்றம் உண்டு.

வெள்ளைப் புடவைக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில், ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கையர் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த அழுகையைப் படம் பிடிக்க ஊரே திரள்கிறது. அழும்போது கேட்கிறோம். மற்ற நாட்களில் வாடகைக்கு வீடு கேட்டு அவர்கள் பேசினால் எத்தனை பேர் காதுகொடுக்கிறோம்? பெண்மை புலம்பும்போது மட்டுமே நமக்கு இனிக்கிறது.

இதெல்லாம் பழங்கதை இல்லை. கல்வராயன் மலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். 1976வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அவள் பாட்டி அந்தக் காலத்தை அறிந்தவர். இந்தப் பெண் நடவுப் பாட்டை எடுத்தால் வராந்தாவில் போகிறவர்கள் நிற்பார்கள். முறையாகக் கற்றுக்கொள் என்று ஆளாளுக்குச் சொன்னோம். வீட்டில் “சாமிப் பாட்டுன்னா பாடட்டும்” என்றார்கள். நண்பர்கள் சினிமாவுக்குப் போ என்றார்கள். விழா நடத்தியவர்கள் மலைவாசி உடையில் வந்து பாடச் சொன்னார்கள். ஒருநாள் அவள் என்னிடம், “எல்லாரும் பாடச் சொல்றீங்க மேடம். எந்தக் கோலத்துல பாடணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் நானா வந்து பாடுனா யாராவது கேப்பீங்களா?” என்றாள்.

திறமை சமூகத்துக்குப் பட்ட கடன் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அவள் கேள்விக்குப் பிறகு எனக்கு அந்த வாக்கியம் செல்லவில்லை. கடன் என்றால் கொடுத்தவர் இருக்க வேண்டும். அவளுக்குப் பாட்டைக் கொடுத்தது பாட்டியும் வயலில் உடன் குனிந்த பெண்களும். கேட்பவர்களாகிய நாம் எதையும் கொடுக்காமலே வசூலிக்க வந்திருக்கிறோம். ஆகவே பாடாமல் இருக்கவும் அவளுக்கு முழு உரிமை உண்டு. “இவ்வளவு நல்ல குரலை வீணாக்குகிறாயே” என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் அவள் பாட விரும்பினால் கடமை நம் பக்கம் வந்துவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்து அவள் இரவில் ஊர் போய்ச் சேர வண்டி வேண்டும். பேசிய பணம் அன்றே கையில் வர வேண்டும். மேடையேறிய பெண்ணுக்கு வரன் அமையுமா என்ற பேச்சு வரும்போது, அவள் வீட்டுத் திண்ணையில் அவளுக்காக எதிர்ப்பேச்சுப் பேச நான்கு பெண்கள் வேண்டும். இன்று சில கூத்துக் குழுக்களில் பெண்கள் ஆடுகிறார்கள். தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் நெடுங்காலமாக நடிக்கிறார்கள். அவர்களுடைய கலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

அவளிடம் நான் சொன்னது சிறிய பதில்தான்: “பாடுறதா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணும்மா. எந்தக் கோலம்னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்றது உன் வேலை இல்ல, எங்க வேலை.” அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் வேலையை நாங்கள் தொடங்குவதற்கு அவள் முடிவு தெரிய வேண்டியதில்லை.