தெரியாத ஊரா? தெரிந்துகொண்டு போ!

"அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாதே!"

இந்த ஒற்றை வரியைச் சொல்லியே எத்தனை வாய்ப்புகளை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம்! நல்ல வேலை வந்தது. ஊர் புதுசு என்று விட்டோம். கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. துணைக்கு ஆள் இல்லை என்று விட்டோம். தம்பி, தங்கையே! அந்த வரியை உன் வாயிலிருந்து பிடுங்கி எறியத்தான் இதை எழுதுகிறேன்.

நீ அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கிறாய். கல்விக் கடன் வாங்கி, விசா நேர்காணலில் நெஞ்சு படபடக்க நின்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு கடலைத் தாண்டி வந்துவிட்டாய். வந்த பிறகு பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறாயே, இது என்ன நியாயம்? சனிக்கிழமை ஆனால் துணி துவைக்கிறாய். வாரம் முழுவதற்கும் சாம்பார் வைத்து டப்பாவில் அடைக்கிறாய். வீட்டுக்கு வீடியோ கால் போடுகிறாய். படுத்துவிடுகிறாய். வெளியே, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிவரை, ஊர் ஊராக ஜனங்கள் கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்துக்காகத் திரண்டு நிற்கிறார்கள். "ஒரு தடவையாவது நேரில் பார்க்கணும்" என்று நீயும் நினைக்கிறாய். நினைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறாய்.

போதும்! இந்த சீசனிலேயே போ. உன் பல்கலைக்கழக மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது என்று சமாதானம் சொல்லாதே. முன்பின் தெரியாத ஓர் ஊருக்கு, உன் கையாலேயே திட்டம் போட்டுப் போ. அந்தப் பயணம் உனக்குக் கற்றுத் தரப்போவதை எந்த வகுப்பறையும் கற்றுத் தராது.

வந்து நின்றவரின் குரல்தான் பதியும்

எந்த ஊர் என்கிறாயா? பேட்டன் ரூஜ்! லூசியானா மாநிலத்தின் தலைநகரம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்குள்ள லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை எல்.எஸ்.யூ. என்பார்கள். அதன் டைகர் ஸ்டேடியம் 1924-இல் திறக்கப்பட்டது. இன்று அதில் 1,02,321 பேர் உட்காரலாம். ஒரு கல்லூரி அணி ஆடுவதைப் பார்க்க ஒரு லட்சம் பேர்! அந்த ஊர்க்காரர்களுக்கு இரவு ஆட்டம் என்றால் உயிர். 1931-லிருந்தே அங்கே விளக்கொளியில் ஆடி வருகிறார்கள்.

1988 அக்டோபர் 8, சனிக்கிழமை இரவு. எதிரணியான ஆபர்ன் 6-0 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. எல்.எஸ்.யூ.வுக்கு நான்காவது முயற்சி. விட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். டாமி ஹாட்சன் பந்தை எறிகிறார். எடி ஃபுல்லர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று அதைப் பிடிக்கிறார். டச்டவுன்! கூட்டம் துள்ளி எழுந்த அதிர்வு, பல்கலைக்கழக நிலவியல் துறையின் நிலநடுக்கப் பதிவுக் கருவியில் கோடாக விழுந்தது! அடுத்த உதையும் சேர்ந்து 7-6 என்று வெற்றி. இன்றைக்கும் அதற்கு 'நிலநடுக்க ஆட்டம்' என்றே பெயர்.

யோசித்துப் பார். அன்றைக்கு வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து கத்தியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் குரல் அந்தக் கருவியில் ஏறவில்லை. அங்கே வந்து நின்றவர்களின் குரல்தான் ஏறியது! வாழ்க்கை முழுக்க இதுதான் கணக்கு. நீ வந்து நிற்காத இடத்தில் உன் தடம் விழாது.

புது ஊர் திறந்துவிட்ட கதவு

புது ஊர் என்ன செய்யும் என்பதற்கு ஜோ பர்ரோவைப் பார். ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்த பையன். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தும், பந்தை எறிந்து அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கும் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சொந்த மாநிலம், பழகிய முகங்கள், தெரிந்த தெருக்கள் எல்லாம் இருந்தன. ஆட மட்டும் வழி இல்லை. பட்டப் படிப்பை முடித்துக்கொண்டு 2018-இல் பேட்டன் ரூஜுக்கு வந்தார்.

வந்தவுடனே வானத்திலிருந்து பூமாரி பொழிந்துவிடவில்லை. முதல் ஆண்டு அவர் எறிந்த டச்டவுன்கள் 16. மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டு 60! அணி ஆடிய 15 ஆட்டங்களிலும் வெற்றி. கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் அவர் கைக்கு வந்தது. 2020 ஜனவரியில் கிளெம்சன் பல்கலைக்கழக அணியை 42-25 என்று வீழ்த்தித் தேசியப் பட்டமும் வந்தது. தெரிந்த ஊரிலேயே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

பயத்தைத் தாளில் எழுது

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பெரியவர்கள் சொன்னார்கள். காலையே விடாதே என்றா சொன்னார்கள்? ஆழத்தைத் தெரிந்துகொள் என்றார்கள்! தைரியம் எங்கிருந்தோ வந்து உன் தோளில் உட்காரும் என்று காத்திருக்காதே. ஒரு தாளை எடு. உன்னைத் தடுக்கிற ஒவ்வொன்றையும் கேள்வியாக எழுது. ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடு. விடை கிடைத்த கேள்விக்கு உன்னைப் பயமுறுத்தும் சக்தி கிடையாது.

எப்படிப் போவது? ஹியூஸ்டனில் இருக்கிறாய் என்று வைத்துக்கொள். ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே சுமார் 270 மைல். நான்கரை மணி நேரம். வழியில் அச்சஃபலாயா சதுப்பு நிலத்தின்மேல் 18 மைல் நீளப் பாலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி மிசிசிப்பி பாலம் ஏறினால் பேட்டன் ரூஜ். நான்கு பேர் சேர்ந்து காரில் போனால் பெட்ரோல் செலவு கால்வாசி. கார் இல்லையா, பேருந்து இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் பேட்டன் ரூஜ் விமானக் கட்டணத்தையும் நியூ ஆர்லியன்ஸ் விமானக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸில் இறங்கினால் சாலை வழியாக ஒன்றேகால் மணி நேரம்தான்.

எங்கே தங்குவது? ஆட்ட வாரத்தில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்து ஓட்டல்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும், வாடகையும் எகிறும். அதனால் ஆட்ட அட்டவணை வந்த அன்றே, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் ஓர் அறையைப் பிடித்துப் போடு. ஊருக்குள் கிடைக்காவிட்டால் ஆற்றின் மறுகரையில் போர்ட் ஆலன், தெற்கே கொன்சாலஸ், மேற்கே லஃபயெட் என்று பார். வெள்ளி, சனி இரண்டு இரவும் தங்கு. இரவு ஆட்டம் முடிந்து நடுநிசியில் தூக்கக் கலக்கத்தோடு காரை எடுப்பது வீரம் ஆகாது. அது உயிரோடு விளையாடுவது.

ஆட்டம் எத்தனை மணிக்கு? முக்கியமான கேள்வி! தேதி மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். பல ஆட்டங்களின் சரியான நேரத்தை, ஒளிபரப்பு நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த பிறகே அறிவிப்பார்கள். பல சமயம் 12 நாளுக்கு முன், சில சமயம் 6 நாளுக்கு முன்தான் உறுதியாகும். பகலோ இரவோ, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி சனிக்கிழமை முழுவதையும் காலியாக வைத்துக்கொள். சனி இரவுக்குத் திரும்பும் டிக்கெட் போடாதே.

டிக்கெட்? முதல் பயணத்திலேயே பரம எதிரியோடு மோதும் ஆட்டம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதே. அதன் விலை வேறு. செப்டம்பரில் சிறிய அணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு மாணவர் பர்ஸ் தாங்கும். டிக்கெட் உன் போனுக்குள்தான் வரும். லட்சம் போன்கள் ஒரே இடத்தில் கூடினால் நெட்வொர்க் திணறும் என்பதால், அறையை விட்டுக் கிளம்பும் முன்பே அதைப் போன் வாலட்டில் சேர்த்துவிடு. பவர் பேங்க் எடுத்துக்கொள். தோள்பையை உள்ளே விடமாட்டார்கள். 12 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலம் என்ற அளவுக்குள், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பையை எடுத்துக்கொண்டு போகலாம்.

புயல் வந்தால்? ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிக் காலம். ஆட்டங்கள் தள்ளிப்போனதும், ஊர் மாறியதும் உண்டு. அதற்குத்தான் பணம் திரும்பும் அறை, தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டு. இயற்கையை நம்மால் தடுக்க முடியாது; நஷ்டத்தைத் தடுக்க முடியும்.

ஆட்டம் புரியுமா? ஒரு மாலைப் பொழுது போதும். 100 கெஜ மைதானம். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும்; முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தால் 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. தலா 15 நிமிடம் என்று நான்கு கால் பகுதிகள். இடைநிறுத்தங்களோடு மூன்றரை மணி நேரம் ஓடும். கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. விதியைக் கரைத்துக் குடித்த மூளைக்கு இது ஒரு பாரமா?

பார்த்தாயா? ஊரே தெரியாது என்றாய். இப்போது சாலை தெரியும், பாலம் தெரியும், பையின் அளவுகூடத் தெரியும். இனி எதைப் பார்த்துப் பயப்படுவாய்?

களத்தில் இறங்கு

ஆட்ட நாள் காலையிலேயே வளாகத்துக்குப் போய்விடு. ஓக் மரங்களின் அடியில் எங்கு பார்த்தாலும் கூடாரங்கள். கல்யாண வீட்டுப் பின்கட்டில் அண்டா ஏற்றியதுபோல ஆளுயரத் துடுப்பால் ஜம்பலாயாவைக் கிண்டிக்கொண்டிருப்பார்கள். அரிசியும் இறைச்சியும் மசாலாவும் ஒன்றாக வெந்த சோறு! பக்கத்துப் பாத்திரத்தில் கம்போ என்ற கெட்டியான குழம்பு; அதையும் சோற்றில் ஊற்றித்தான் சாப்பிடுகிறார்கள். லூசியானா நெல் விளைகிற பூமி. அமெரிக்காவில் சோற்றை இப்படிக் கொண்டாடும் இன்னோர் ஊரைக் காண்பது அரிது. சைவமா? வெட்கப்படாமல், இறைச்சி சேராதது எது என்று கேள். சமைத்தவரே எடுத்துக் காட்டுவார்.

இங்கேதான் உனக்கு உண்மையான பரீட்சை. ஒதுங்கி நின்று போனைத் தடவாதே! "முதல் தடவையாக வந்திருக்கிறேன்" என்று ஒரு கூடாரத்தில் போய்ச் சொல். முன்பின் அறியாதவர் கையில் தட்டைக் கொடுத்து உபசரிப்பது அந்த மண்ணின் பழக்கம். எங்கே நின்றால் பேண்டு வாத்தியம் நன்றாகத் தெரியும், எந்த வாசலில் கூட்டம் குறைவு என்று அவர்களே சொல்லித் தருவார்கள். காலையில் யாரையும் தெரியாத ஊரில், மாலைக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருப்பார்கள்.

ஸ்டேடியத்துக்கு எதிரிலேயே மைக் என்ற உயிருள்ள புலி, தனக்கென்று கட்டிய பெரிய வளாகத்தில் உலாவும்; காசில்லாமல் பார்க்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் விக்டரி ஹில் சரிவில் பேண்டு அணி முழங்கிக்கொண்டு இறங்கும். உள்ளே போய் மைதானத்தை உற்றுப் பார். மற்ற மைதானங்களில் 10 கெஜத்துக்கு ஒருமுறை எண் எழுதியிருப்பார்கள். இங்கே 5 கெஜத்துக்கு ஒருமுறை. டிவியில் எத்தனை தடவை பார்த்தும் உன் கண்ணில் படாதது, நேரில் நிற்கும்போது பளிச்சென்று தெரியும்.

இது வெறும் ஆட்டமா?

இல்லை, தம்பி! இல்லை, தங்கையே! நாளைக்கு முன்பின் தெரியாத நகரத்தில் வேலைக்கான நேர்காணல் வரும். யாரையும் அறியாத அலுவலகத்தில் முதல் நாள் வரும். சொந்தத் தொழிலுக்கு அறியாத சந்தை வரும். அன்றைக்கும் இதே தாள்தான், இதே கேள்விகள்தான். எப்படிப் போவது, எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது, திட்டம் தவறினால் மாற்று என்ன? ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு இதைச் செய்து பழகியவர், வாழ்க்கையின் பெரிய ஆட்டத்தில் தடுமாறி நிற்க மாட்டார்.

துணைக்கு ஆள் வந்தால் கூட்டிக்கொண்டு போ. வராவிட்டால் போகும் இடத்தையும் தங்கும் அறையையும் நண்பரிடம் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பு. இன்று இரவே ஆட்ட அட்டவணையைத் திற. ஒரு சனிக்கிழமையை வட்டமிடு. தூங்கப் போகும் முன் அறையைப் பதிவு செய். தெரியாத ஊர் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. நீ இன்னும் விசாரிக்காத ஊர்கள் மட்டுமே உண்டு. விசாரி! திட்டமிடு! புறப்படு!