கள்ளிப்பாலும் ஒரு சிரிப்பும்

சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப் படம்' (2010) ஒரு கிராமத்தில் தொடங்கும். அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுவார்கள். வளர்ந்தால் சென்னைக்குப் போய் சினிமா ஹீரோ ஆகிவிடுவானாம். பாரதிராஜாவின் 'கருத்தம்மா' (1994) பேசிய பெண்சிசுக் கொலையைத் தலைகீழாக்கிய காட்சி. திரையரங்கில் நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போதுதான் உறுத்தியது: உசிலம்பட்டிப் பக்கம் கள்ளிப்பாலுக்குச் செத்தவை பெண் குழந்தைகள். அந்தச் சாவை வைத்துச் சிரிக்கலாமா?

சிரிக்கலாம் என்றே இன்று நினைக்கிறேன். அந்தக் கேலி குழந்தையைத் தொடவில்லை. ஆண் பிள்ளையைத் தொட்டிலிலேயே நாயகனாகப் பார்க்கும் நம் கண்ணைத்தான் தொட்டது. என்ன, நாயகனின் அபத்தத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தவர்கள் நாயகியை வழக்கம்போல அழகுக்கு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் பாகம் 2018இல் வந்தது. அதன்பின் இந்த வகை ஏறக்குறைய வற்றிவிட்டது. ட்ரெய்லர் வந்த அன்றே மீம் வந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: இன்று ஹீரோவே தன் பழைய வசனத்தைக் கேலிசெய்து கைதட்டலும் வாங்கிக்கொள்கிறார். தன்னைத்தானே கேலிசெய்துகொள்பவரை இனி யார் கேலிசெய்வது?

வீட்டிலும் இந்த உத்தி உண்டு. "நான் கொஞ்சம் பழைய காலத்து ஆளும்மா" என்று சிரித்தபடி காபிக்குக் காத்திருப்பவர்களை நமக்குத் தெரியும். நாமும் சிரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறோம்.