கை மாறும் இயந்திரம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா எங்கள் கொல்லையில் இரண்டு மா, ஒரு பலா, வேலியோரப் பூவரசு எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போனது. முத்துப்பேட்டையைச் சுற்றி அந்த வாரம் தென்னை விழாத கொல்லையைப் பார்ப்பதே அரிது என்பதால் யாரும் யாரிடமும் துக்கம் விசாரிக்கவில்லை. தென்னைகளை அப்புறப்படுத்தினோம். மற்ற மரங்களை அப்பா மரவாடியில் கொடுத்துப் பலகையாக அறுத்து வாங்கி, இடையிடையே குச்சி வைத்து மாட்டுக் கொட்டகையில் அடுக்கினார். "காயட்டும், எதுக்காவது ஆவும்" என்றார். அந்த 'எதுக்காவது' வர ஐந்து வருஷம் ஆனது.

முதலில் இழைப்புளியோடுதான் இறங்கினேன். பலாப் பலகை ஒன்றை நேராக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, தோள்பட்டையும் போயிற்று. எல்லா வேலையும் செய்யும் ஒரே மெஷின் இருந்தால் என்ன என்ற ஆசை அப்போது வந்ததுதான். இது புதிய ஆசையில்லை. 1947-லேயே ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவில் ஷாப்ஸ்மித்தைக் கொண்டுவந்துவிட்டார். ஒரே மோட்டார், அதிலேயே ரம்பம், கடைசல், துளை, தேய்ப்பு. வீட்டு கராஜில் பொழுதுபோக்குக்கு வேலை செய்பவர்களுக்காகவே அது. யூடியூபில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். நம் பக்கம் கிடைப்பது வேறு ஜாதி. கனத்த இரும்புச் சட்டம், ஒரே தண்டில் ஒரு பக்கம் வட்ட ரம்பம், நடுவில் இழைப்பு, மறுமுனையில் துளை. எல்லாம் பெல்ட்டில் ஓடும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பட்டறையில் அப்படி ஒன்று கிடைத்தது. ஆசாரி இறந்துவிட்டார், மகனுக்குத் தொழிலில் நாட்டமில்லை. "அப்பா இருந்தவரைக்கும் ஒரு நாள் நின்னதில்லண்ணே" என்றான். உண்மைதான். முப்பத்தெட்டாயிரத்துக்கு முடித்து, டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து அதே ஊர் டீக்கடையில் ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "அந்தப் பையனோட மூணு விரல எடுத்த மெஷின வாங்குனது நீங்கதானா?"

வீட்டுக்கு வந்து இழைப்புப் பகுதியைக் கழற்றிப் பார்த்தேன். கத்திகள் பூட்டிய கட்டர் பிளாக் சதுரமாக இருந்தது. சதுரம் சுழல்வதற்கு அதன் மூலைகளுக்கு இடம் வேண்டும். அதனால் மேஜை விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. பலகை வழுக்கினால் விரல் அதற்குள் இறங்கும், கத்தி மீதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். உருளை பிளாக்கில் அந்த இடைவெளியை இரும்பே அடைத்துக்கொள்கிறது. அதுவும் வெட்டும், ஆனால் பெரும்பாலும் மேலோடு சீவும். கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருளை பிளாக்தான் இருக்கவேண்டும் என்று பிரிட்டன் 1922-லேயே விதி போட்டது. நம் தொழிற்சாலை விதிகளிலும் அந்த நிபந்தனை உண்டு. மாட்டுக் கொட்டகைக்கும் நாலு பேர் பட்டறைக்கும் இன்ஸ்பெக்டர் யார் வரப்போகிறார்?

அந்தப் பையன் மேல் கோபம் வந்தது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூடியில்லாததைப் பார்த்தேன், விலை குறைவாக இருப்பதையும் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்பவில்லை.

சிசரோ கி.மு. 44-இல் எழுதிய 'கடமைகள்' நூலில் இதே வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். அதைச் சொல்ல வேண்டுமா, வாயை மூடிக்கொண்டு நல்ல விலைக்கு விற்கலாமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், பொய் சொல்லாதே என்கிறார் டயோஜெனஸ். (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் இல்லை, இவர் பாபிலோன்காரர்.) அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், எல்லாவற்றையும் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். படுக்கையறைகளில் பாம்பு நடமாடும் வீட்டை விற்பவனைப் பற்றியும் இருவரும் மல்லுக்கட்டுகிறார்கள். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம். நானும் அவர் பக்கம்தான் என்று உறுதியாக நம்பினேன், நானே விற்க நிற்கும்வரை.

மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்தார். மூடியைத் திறந்து பள்ளத்தைக் காட்டினேன், மூன்று விரல் கதையையும் சொன்னேன். சிரித்தார். "தம்பி, இது தெரியாமயா வர்றேன்? எங்கிட்ட ரெண்டு இதே மாதிரி ஓடுது." பெல்ட் நைந்ததற்கு மட்டும் இரண்டாயிரம் குறைத்துக் கேட்டார்.

"இழைக்கிறது நீங்களாய்யா?"

"நான் எதுக்கு? பசங்க இருக்கானுவ."

ஆன்டிபேட்டர் கேட்டதை நான் முழுசாகச் செய்துவிட்டேன். ஆனால் நான் சொன்ன உண்மை பணம் கொடுப்பவரோடு நின்றுவிட்டது, விரல் வைப்பவனிடம் போய்ச் சேரவில்லை. ரோட்ஸில் தானியம் வாங்குகிறவன் தானே தின்பான். வீட்டை வாங்குகிறவன் தானே பாம்போடு படுப்பான். இரண்டு ஞானிகளும் வாங்குபவனும் அனுபவிப்பவனும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டுதான் வாதாடியிருக்கிறார்கள். அந்தப் பசங்களைக் கேட்டால் ஒருவேளை அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்ய, நாள்கூலி போகுமே.

நண்பன் ஒருவன் சொன்னான்: "நீ குடுக்கலன்னா அவரு வேற எங்கயாச்சும் வாங்குவாரு. நீ உன் மனச கழுவிக்கிற, அவ்ளோதான்." அவன் சொல்வதில் பாதி சரி. அவர் வேறு எங்காவது வாங்கத்தான் செய்வார். ஆனால் 'எப்படியும் நடக்கும்' என்ற அந்த வாதத்தை நான் ஒப்புக்கொண்டால், ஆசாரியின் மகனையும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவனும் அப்படித்தானே நினைத்திருப்பான்.

உருளை பிளாக் கடைந்து தரமுடியுமா என்று லேத் பட்டறையில் கேட்டேன். அந்த வேகத்தில் சுழல்வதை, பேலன்ஸ் பார்க்க வசதியில்லாமல், தான் கடைந்து தரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். எத்தனையோ பேர் செய்து கொடுத்திருப்பார்கள். அவர் மறுத்தது எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. மறுநாள் சதுர பிளாக்கைத் தண்டிலிருந்து கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். ரம்பத்துக்கு மேல்மூடியும் பிளவுக் கத்தியும் அடித்துப் பூட்டியாயிற்று. பலாவை மறுபடியும் கையால் இழைக்கிறேன்.

நேற்று பெரியவர் திரும்பப் போன் செய்தார். விலை பேசலாம், பிளாக் மட்டும் வராது என்றேன்.

"பிளாக் இல்லாம அத வச்சு நான் என்ன தம்பி பண்றது?"

"ரம்பம் இருக்குய்யா, துளை போடலாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு யாராச்சும் அடிபட்டாங்களா தம்பி?" என்று கேட்டார்.