சூலை நோயும் சத்திர வைத்தியமும்



வட்டகொடையைச் சார்ந்த தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் அன்பரொருவர் எமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவர்தம் மாணவி ஒருத்தியின் தாயார்க்குச் சில மாதங்களாக வயிறு ஊதுதலும், இரண்டு கவளம் உண்டவுடன் நிரம்பினாற்போலிருத்தலும், அடிக்கடி நீர் பிரிதலும் இருந்தன. வாயுவென்றெண்ணி மருந்துண்டு, கொழுந்து பறிக்கப் போய்வந்தார். பின்னர் நுவரெலியா வைத்தியசாலையில் ஸ்கேன் செய்தபொழுது சூலகத்திற் கட்டியிருத்தல் தெரிந்தது. புற்றுநோயாக இருக்கலாம், சத்திரசிகிச்சை செய்தே துணிதல் வேண்டும் என்றனர் வைத்தியர். தாயாரோ, "அப்பர் சுவாமிகளின் சூலையைத் திருநீறு தீர்த்ததன்றோ? கத்தி எதற்கு?" என்கின்றார். லயத்திலுள்ளோர் சிலர், "எல்லாம் அவள் செய்த வினை" என்கின்றனர். யான் யாது சொல்வது என்பது ஆசிரியர் வினா.

நாள் குறித்தாயிற்று, ஆதலின் விடையை முன்னரே சொல்லிவிடுகின்றோம். அத்தாயார் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். திருநீறணிந்தே செல்லல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுப்பன அல்ல.

சேக்கிழார் பெருமான் உரைத்த வரலாற்றை ஊன்றி நோக்குக. தருமசேனர் என்னும் பெயரோடு சமணப் பள்ளியில் இருந்த மருணீக்கியாரைச் சூலை பற்றியபொழுது அங்கிருந்தோர் செய்தது யாது? குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர். மயிற்பீலியால் உடம்பைத் தடவினர். பயன்படாது ஒழிந்தவை இவை. வைத்தியன் ஒருவன் வந்து சத்திரமிட முயன்றான் என்றோ, அவனைத் திலகவதியார் விலக்கினார் என்றோ புராணத்தில் யாண்டும் இல்லை. அன்றியும், அச்சூலை தம்பியை மீட்டருளுமாறு தமக்கையார் வேண்டியதற்கு இறைவன் அளித்த விடை. அதனை வட்டகொடைத் தாயின் கட்டியோடு ஒப்பிட்டு, அங்கே நீறு தீர்த்தது, இங்கும் தீர்த்தே தீரும், தீராவிடின் அவள் அன்பு குறைவு என்று முடிபு கட்டுவோர் புராணத்தையும் அறியார், அவளையும் அறியார். நோயுற்றவளை நோயோடு பழியையும் சுமக்கச் செய்வதாகும் அது.

கண்ணப்ப நாயனார், இறைவர் கண்ணிற் குருதி கண்டு, தம் கண்ணை அகழுமுன் காட்டிற் புகுந்து பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தமையையும் மாணவர்க்கு எடுத்துச் சொல்க. அன்பு மருந்தைத் தேடிற்று. அது பயன்படாதபோதே தம் கண்ணை அகழத் துணிந்தார்.

இனி, வினையென்னும் சொல். திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. மலைநாட்டிலுள்ள நமக்கு அக்குளிரைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகத்திற் பிள்ளையார், இது வினையின் பயன் என்று வாயாற் சொல்லிக்கொண்டு உய்யும் வழி நாடாதிருத்தல் நமக்கு இழுக்கன்றோ என்னும் கருத்தையே முதலில் வைத்தனர். வினைக்கொள்கை நாம் நம்மை நோக்கிச் சொல்லிக்கொள்வதற்கு உரியது. பிறர் நோயின்மேல் எறிதற்குரிய கல் அன்று.

சத்திரத்துக்கு உடன்படுதல் ஞானக்குறைவென்று கருதுவோர் திருவண்ணாமலை இரமண மகரிஷிகளை நினைக்க. அவர் கையில் எழுந்த புற்றுக்கட்டிக்கு 1949ஆம் ஆண்டில் நான்கு முறை சத்திரம் நிகழ்ந்தது. கையையே நீக்குதல் வேண்டும் என்றபோது உடன்பட்டிலர். ஏனைய சிகிச்சைகளை வைத்தியர் விருப்பத்துக்கே விட்டனர். 1950 ஏப்ரல் 14இல் அந்நோயாலேயே சமாதியுற்றனர். சத்திரம் எப்பொழுதும் வெல்லும் என்று யாம் கூறவில்லை என்பதற்காக இதனையும் மறையாது சொன்னோம்.

சூலகக் கட்டியை வயிறு திறந்து அகற்றிய வரலாறும் அறியத்தக்கது. 1809 டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி நாட்டில், ஜேன் டொட் குரோபோர்ட் என்னும் மாது தம் பெருவயிற்றைக் குதிரைச்சேணத்தின்மேற் சார்த்தி ஏறக்குறைய 60 மைல் கடந்து டான்வில் ஊருக்குச் சென்றார். முதலிற் பார்த்தவர்கள் கருப்பமென்று கருதியிருந்தனர். சூலகக் கட்டியென்று கண்ட எப்ராயிம் மக்டவல் என்னும் வைத்தியர், இதற்குமுன் இது செய்து வெற்றி கண்டாரில்லை என்று ஒளியாது கூற, அம்மையார் உடன்பட்டார். மயக்க மருந்து வழக்குக்கு வருதற்கு இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. தம் சமயத்துத் தோத்திரங்களை ஓதிக்கொண்டே 25 நிமிடம் கிடந்தார். எடுத்த கட்டி 22½ இறாத்தல். ஐந்தாம் நாள் வைத்தியர் வந்து பார்க்கையில் தம் படுக்கையைத் தாமே சீர்செய்துகொண்டிருந்தாராம்! பின்னும் 32 ஆண்டு வாழ்ந்தார். அயற்சமயத்தவர் எனினும், ஓதுதலையும் உடன்படுதலையும் ஒருங்கு செய்த அவர் நமக்கும் சான்றாவார்.

"புற்றென்று துணியாமலே வெட்டுவதேன்?" என்று தாயார் வினவக்கூடும். நியாயமான வினா. பிற கட்டிகளில் ஊசியாற் சிறிது எடுத்துச் சோதித்தல் உண்டு. சூலகத்தளவில் அடங்கிய கட்டியைக் குத்தின், உள்ளிருப்பது வயிற்றறையிற் சிந்திப் பரவக்கூடும். ஆதலின் பெரும்பாலும் உடையாது முழுமையாக எடுத்தே சோதிப்பர். சிஏ-125 என்னும் குருதிச்சோதனையும் முடிந்த சான்றன்று. புற்றல்லாத காரணங்களாலும் அவ்வெண் உயரும், புற்றிருந்தும் உயராதிருத்தலும் உண்டு. எடுத்தபின் புற்றன்றென முடிவன பல. புற்றேயாயினும் சூலகத்தளவில் நிற்கையில் அகற்றப்படின் பெரும்பாலோர் பிழைக்கின்றனர், பரவியபின் கடினமாகும். காத்திருத்தலாற் கெடுவது இதுவே.

ஆசிரியர் செய்யத்தக்கவை சில உள. சம்மதப் படிவத்திற் கைந்நாட்டிடுமுன் அதிலுள்ளதை அத்தாயார்க்குத் தமிழிற் படித்துச் சொல்லுதல் வேண்டும். சூலகங்களோடு கர்ப்பப்பையும் எடுக்கப்படலாம். மாதவிலக்கு நில்லாதவராயின் அன்றுதொட்டு நின்றுவிடும், உடம்பிற் சூடு பரவலும் வியர்த்தலும் வரும். இவற்றை முன்னரே அறிந்தவர் பின்னர் ஏமாற்றப்பட்டதாக வருந்தார்.

தாலியைக் கழற்றச் சொல்வர். மலையகத் தாய்மார் பலர் கத்தியினும் இதற்கே அஞ்சுவர். மின்கருவியாற் குருதியை அடைக்குங்கால் உடம்பிலுள்ள உலோகம் சுட்டுவிடலாம் என்பதே காரணம். மஞ்சட்கயிற்றில் ஒரு மஞ்சட்டுண்டைக் கட்டிக்கொண்டு செல்லலாமா என்று தாதிமாரை முன்னாளிலேயே கேட்டுவைத்தல் நன்று. அன்றியும், சத்திரத்தன்று காலையில் அன்புமிகுதியாற் கோயிற் பிரசாதத்தையோ தீர்த்தத்தையோ வாயிலூட்டற்க. மயக்கத்தில் வாந்தியெழுந்து நுரையீரலிற் புகின் உயிர்க்கு ஏதமாம். சொன்ன நேரத்தின்பின் யாதும் உண்ணாதிருத்தல், விரதம் காத்துப் பழகிய அவர்க்கு அரிதன்று. நீறு நெற்றியில் இருக்கட்டும்.

திலகவதியார் தம்பியை நள்ளிரவில் ஏற்று, விடியுமுன் திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தாமே உடனழைத்துச் சென்றனர். அவ்வாறு உடன்செல்வார் ஒருவர் இத்தாயார்க்கும் வேண்டும். எடுத்த கட்டியைச் சோதித்து முடிவு வருதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். முடிவைக் கேட்கச் செல்லும் நாளில் அவர் தனியே செல்லலாகாது. மருந்தேற்றுதல் வேண்டும் என்றால், கண்டிக்கோ மஹரகமைக்கோ பல முறை போய்வரல் வேண்டும். அந்நாட்களில் நாட்சம்பளம் இல்லை. அடுப்பும் தம்பி தங்கையரும் அம்மாணவியின் தலையிலே விழும். அவள் பள்ளிக்கு வாராத நாட்களில் இடாப்பிலிருந்து அவள் பெயரை வெட்டாது, அன்றன்றைப் பாடத்தை லயத்துக்குக் கொடுத்தனுப்புவதை வினா விடுத்த ஆசிரியர் இப்பொழுதே தொடங்கலாம்.