காவலா, ஆயமா?

சந்தைக்கு மதில் எழுப்பியவனே வாயிற்காவலனாகவும், உள்ளே கடை விரித்த வணிகனாகவும், பிணக்குத் தீர்க்கும் நடுவனாகவும் இருப்பது அறமாகுமா? கைத்தொலைபேசிச் செயலிகளின் வாணிபத்தை நோக்குவார்க்கு இவ்வினா இன்று தவிர்க்கவொண்ணாததாகிவிட்டது.

அப்பிள் நிறுவனம் தனது செயலிக் கடையை 2008 இல் திறந்தது. ஐபோனில் எச்செயலி நுழையலாம் என்பதைத் தானே தீர்மானித்தது. விற்பனையில் நூற்றுக்கு 30 ஐத் தரகாகப் பெற்றது. ஏனென்று கேட்டால், வாங்குவோரின் பாதுகாப்பு என்பதே மறுமொழி. அதனை முழுப்பொய்யென்று நாம் தள்ளிவிடோம். கள்ளச் செயலிக்குத் தன் சேமிப்பைப் பறிகொடுத்தவன் காவலின் அருமையை அறிவான்.

எபிக் என்னும் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 13 இல், தனது 'போர்ட்நைட்' விளையாட்டில் நேரடியாகப் பணம் செலுத்தும் வழியொன்றைக் குறைந்த விலையில் திறந்தது. அன்றே அவ்விளையாட்டு கடையினின்றும் அகற்றப்பட்டது, வழக்கு எழுந்தது. இரு முதலாளிகளின் பங்குச் சண்டையில் நமக்கென்ன என்று கேட்கும் நண்பர்கள் உளர். எபிக் ஏழைக் கைவினைஞன் அல்லன் என்பது மெய்யே. ஆயினும், பெருவணிகன் தட்டியும் திறவாத கதவு, தனியொருவனாய்ச் செயலி ஆக்கும் இளைஞனுக்கு எங்ஙனம் திறக்கும்?

2021 செப்டெம்பரில் கலிபோர்ணிய நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரொஜர்ஸ், அப்பிள் ஏகபோகமென்பது நிறுவப்படவில்லை என்றார். எனினும், வேறிடத்தில் பணம் செலுத்தலாமென வாங்குவோர்க்கு அறிவிப்பதைத் தடுக்கலாகாது எனப் பணித்தார். மேன்முறையீடுகள் ஓய்ந்து, 2024 ஜனவரியில் கட்டளை நடைமுறைக்கு வந்தது. அப்பிள் கீழ்ப்படிந்தது. எவ்வாறு? வெளிவழியைத் திறந்தது, அவ்வழி செல்வோரை மிரட்டும் எச்சரிக்கைத் திரையொன்றை இடையில் நிறுத்தியது, வெளியே நடக்கும் விற்பனைக்கும் நூற்றுக்கு 27 கேட்டது!

மதிலுக்கு அப்பால் காவலன் எதனைக் காத்தான்? கருவிகள் தந்தோம், தளம் தந்தோம், அவற்றிற்குக் கூலி வேண்டாவோ என்பர். வேண்டும். ஆனால் அது பிறிதொரு வாதம். இத்தனை ஆண்டுகள் பாதுகாப்பென்ற பெயரில் பெற்றதனை, அப்பெயர் பொருந்தாத இடத்திலும் ஏறத்தாழ அதே அளவிற் கேட்டபோதே, வாங்கப்பட்டது காவற்கூலியன்று, ஆயமே என்பது வெளிப்பட்டுவிட்டது.

கட்டளை வேண்டுமென்றே மீறப்பட்டதென அதே நீதிபதி 2025 ஏப்ரல் 30 இல் கண்டார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டு டிசெம்பரில் அக்குற்றத்தை உறுதிசெய்தது. ஆயின், ஓரளவு கட்டணம் பெற இடமுண்டென்றும் கூறி, அதன் அளவை ஆராயும் பணியைக் கீழ்நீதிமன்றத்திடமே திருப்பி அனுப்பியது.