காத்திருப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பது?

2025 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி மகள் போன் பண்ணினாள். சாத்தூரில் இருக்கிறாள். பி.எஸ்சி. கணிதம் முடித்து, அதன்பின் இரண்டு வருடம் பி.எட். படித்து, 2024இல் வெளியே வந்தவள். ஒரு வருடமாக ஒரு தனியார் பள்ளியில் வேலை. மாதம் 9,000 ரூபாய். மே மாதம் பள்ளி இல்லை, அதனால் சம்பளமும் இல்லை. ஆனால் அதே மே மாதத்தில் தெருத்தெருவாகப் போய் ‘அட்மிஷன்’ பிடித்துத் தர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்கள் பள்ளி பீரோவில்.

“அண்ணே, இன்னொரு வருஷம் வெயிட் பண்ணவா, விட்டுட்டு வேற பாக்கவா? நீ ஏதாச்சும் சாப்ட்வேர் கோர்ஸ் சொல்லு, படிக்கிறேன்” என்றாள்.

‘விட்டுரு’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அதே சொல்லை ஏழு வருடத்துக்கு முன்னால் இன்னொருத்தியிடம் சொல்லி, அவள் ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தாள். இந்தக் கட்டுரை தங்கச்சிக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பற்றியது. அக்காவிடம் சொன்னது ஏன் தவறு என்பதைப் பற்றியதும்கூட.

அக்கா, பெரியம்மா மகள். 2013 ஆகஸ்டில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது ‘டெட்’டில், 150க்கு 94 வாங்கினாள். தேர்ச்சிக்கு வேண்டியது 90. அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்கு முந்தைய வருடம், 2012 ஜூலையில், தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூடக் கிடையாது. அதனால் 94 என்பது எங்கள் குடும்பத்தில் கேசரி கிண்டிய மார்க். பெரியப்பா சான்றிதழை லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் கணக்கு ஆரம்பித்தது. 2014இல் ‘வெயிட்டேஜ்’ முறை திருத்தி வந்தது. டெட் மதிப்பெண்ணுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15. அக்கா பிளஸ் டூ எழுதியது 2000இல். 1,200க்கு 780. அப்போது அது எங்கள் பக்கத்தில் நல்ல மார்க். பத்து வருடம் கழித்து எழுதியவர்கள் ஆயிரத்துக்கு மேல் வாங்கிவிட்டு வந்து நின்றார்கள். 17 வயதில் எழுதிய ஒரு பரீட்சை 31 வயதில் திரும்பி வந்து அவளைப் பின்னுக்குத் தள்ளியது. வழக்குகள் நடந்தன. 2016 நவம்பரில் அந்த முறை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2018 ஜூலையில் அரசே அதைக் கைவிட்டது. இனி டெட் தேறினால் போதாது, தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது அரசாணை 149.

அந்த வாரம்தான் நான் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு 35 வயது, இரண்டு பிள்ளைகள். “அஞ்சு வருஷமா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கியே, விட்டுரு அக்கா. மார்க்கெட்டுக்கு ஏத்த மாதிரி மாற வேண்டாமா?” என்றேன். சட்டையில் அலுவலக அடையாள அட்டை தொங்காத குறைதான். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே, “நீ மாறினியாடா?” என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

நான் மாறவில்லை. எனக்கு மாற வேண்டிய அவசியமே வரவில்லை. 2011இல் கல்லூரி வளாகத்துக்கே வந்து, ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட், பத்து நிமிட இன்டர்வியூ வைத்து, ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் நானும் ஒருவன். பயிற்சி முடிந்ததும் நான்கு மாதம் எனக்குப் புராஜெக்ட் கிடைக்கவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு ‘பெஞ்ச்’ என்று பெயர். காலையில் போய் கார்டைத் தேய்ப்பது, ஃபுட் கோர்ட்டில் உட்கார்வது, சாயங்காலம் பஸ் பிடிப்பது. மாதக் கடைசியில் 22 ஆயிரம் சொச்சம் வங்கிக்கு வந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் நானும் அக்காவும் செய்தது ஒரே காரியம். இரண்டு பேரும் தகுதி பெற்றுவிட்டு, வேலைக்காகக் காத்திருந்தோம். என் காத்திருப்புக்கான செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவள் காத்திருப்புக்கான செலவை அவளும் அவள் புருஷனும் பெரியப்பாவின் கரிசல் நிலமும் ஏற்றுக்கொண்டார்கள். செலவு நிறுவனத்தின் தலையில் இருந்ததால், என்னை நெடுநாள் பெஞ்சில் வைத்திருக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒன்று வேலை தர வேண்டும், அல்லது வெளியே அனுப்ப வேண்டும். அக்கா விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை.

கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய பிரச்சினை. ஒரே பிராசசர், பல வேலைகள். யாரை முதலில் விடுவது? வந்த வரிசைப்படி விடலாம், முன்னுரிமைப்படியும் விடலாம். முன்னுரிமை வைத்தால் ஒரு ஆபத்து உண்டு. மேலே புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தால், கீழே இருப்பவன் முறை வரவே வராது. இதற்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டார்வேஷன்’, அதாவது பட்டினி. எங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் இதற்கு ஒரு கதை வரும், வதந்தி என்ற குறிப்போடு. 1973இல் எம்.ஐ.டி.யில் ஐபிஎம் 7094 கணினியை நிறுத்தியபோது, 1967இல் கொடுக்கப்பட்ட ஒரு வேலை இன்னும் ஓடாமல் வரிசையிலேயே நின்றிருந்ததாம். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். அதற்குத் தீர்வும் அடுத்த பத்தியிலேயே இருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுரிமையைக் கூட்டு.

தமிழ்நாட்டு ஆசிரியர் நியமனம் இந்த இரண்டு முறைகளையும் பார்த்துவிட்டது. டெட் வருவதற்கு முன் சில வருடங்கள் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புதான் கணக்கு. முன்னால் பதிந்தவர் முன்னால் போவார். பிறகு வந்த முன்னுரிமை முறையும் அடிக்கடி மாறியது. அப்படியென்றால் அக்காவின் காத்திருப்புக்கு மதிப்பெண் போட்டு, அவளை முன்னால் விட்டிருக்க வேண்டுமா?

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வருகிறது. பிராசசரில் ஓடுகிற வேலைக்கு மாணவர்கள் கிடையாது. ஆசிரியருக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010இல் டெட்டைக் கட்டாயமாக்கியதற்கான காரணம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு என் அக்கா எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது முக்கியமில்லை. அவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தரத் தெரியுமா என்பதுதான் முக்கியம். பத்து வருடம் வகுப்பறைக்கு வெளியே நின்ற ஒருவரை, நின்றார் என்பதற்காகவே உள்ளே விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயமாக ஆகலாம். ‘தகுதித் தேர்வில் தேறுவது வேலைக்கான உரிமை ஆகாது’ என்று டெட் வழிகாட்டு நெறிமுறையே தெளிவாகச் சொல்கிறது. டிரைவிங் லைசென்ஸ் கொடுத்தவர் கார் வாங்கித்தர வேண்டும் என்று நாம் கேட்பதில்லையே.

நியாயமான வாதம். நானும் ரொம்ப நாள் இதோடு நின்றுவிட்டேன். ஆனால் அதே வழிகாட்டு நெறிமுறை, டெட் தேர்வை வருடத்துக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே 2013க்குப் பிறகு அடுத்த டெட் 2017இல்தான் நடந்தது. 2023 பிப்ரவரியில் நடந்த இரண்டாம் தாளுக்குப் பிறகு, அடுத்தது 2025 நவம்பரில். 2018இல் அறிவித்த போட்டித் தேர்வு, பட்டதாரி ஆசிரியர்களுக்கு முதல்முறையாக நடந்தது 2024 பிப்ரவரியில். ஐந்தரை வருடம். டெட் சான்றிதழுக்கு முதலில் ஏழு வருட ஆயுள்தான் இருந்தது. அக்காவுடையது 2020இல் காலாவதியாகி, 2021இல் ‘ஆயுள் முழுக்கச் செல்லும்’ என்ற அறிவிப்பில் மறுபடி உயிர் பெற்றது. லைசென்ஸ் கொடுத்தவர் கார் தர வேண்டியதில்லை, சரி. அவர் பாதி வழியில் சாலையை மூடிவிட்டு, எப்போது திறப்பேன் என்றும் சொல்லாமல் போவது வேறு விஷயம்.

“யாரு காத்திருக்கச் சொன்னா?” என்று கேட்கலாம். யாரும் சொல்லவில்லை. ஆனால் தேதி தெரியாத காத்திருப்பை விட்டு வெளியேறுவது கஷ்டம். பத்து வருடத்துக்குத் தேர்வே கிடையாது என்று 2013இல் சொல்லியிருந்தால், அக்கா அடுத்த மாதமே வேறு வழி பார்த்திருப்பாள். ‘இந்த வருஷம் வரும்’ என்று ஒவ்வொரு வருடமும் கேள்விப்பட்டவள் எப்படிப் போவாள்? பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றுவிட்டவர் ஆட்டோவில் ஏறத் தயங்குவதுபோல.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காலியிடமே இல்லாமல் அவர்கள் காத்திருக்கவில்லை. 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப ஏற்பாடானது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2012இல், பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். வகுப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடம் நடத்தியே ஆக வேண்டும். அந்த வேலைக்கு உரிய பணியிடம் மட்டும் வரவில்லை. இத்தனை பேர் வாசலில் நிற்பதால்தான் 7,500க்கு ஆள் கிடைக்கிறது. என் தங்கச்சியின் பள்ளி தாளாளர் 9,000 தருவதும் அதே வரிசையைக் காட்டித்தான். “நீ இல்லன்னா வெளியே நாப்பது பேர் நிக்கிறாங்கம்மா.” அவர் பொய் சொல்லவில்லை.

வரிசை நீள்வதால் அரசுக்கும் தனியாருக்கும் செலவு குறைகிறது. இதை அதிர்ஷ்டக் குறைவு என்றோ சந்தை நிலவரம் என்றோ மட்டும் சொல்லி நகர முடியாது என்று இப்போது நினைக்கிறேன். ஒருவரின் காத்திருப்பு இன்னொருவருக்கு லாபம் என்றால், அந்தக் காத்திருப்புக்கு அவரும் கடன்பட்டவர்தான்.

இந்தக் கடனை மறைக்க ஒரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது: அறப்பணி. சம்பளப் பேச்சு வரும்போதுதான் அந்தச் சொல் அதிகம் வெளியே வரும். என் மேனேஜர் ஒருநாளும் நிரல் எழுதுவதை அறப்பணி என்று சொன்னதில்லை. எனக்கு இன்க்ரிமென்ட் கொடுத்தார். தங்கச்சிக்குப் பாடம் நடத்துவது உண்மையிலேயே பிடிக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்டானாம், அவனுக்குப் புரிய வைக்க மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அந்தப் பிரியத்தைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் தாளாளருக்கு அவளிடம் மே மாதச் சம்பளத்தைப் பிடிக்க முடிகிறது.

அப்படியானால் என்ன தர வேண்டும்? எல்லோருக்கும் அரசு வேலை என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பறைப் பிள்ளையின் வாதம் இன்னும் அப்படியே நிற்கிறது. மூன்று விஷயங்களைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. தேர்வு எப்போது, எத்தனை இடம் என்ற உண்மையைச் சொல்வது. அது கசப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டவர் முடிவெடுத்துக்கொள்வார். அடுத்து, விதியை மாற்றினால் இனி வரிசைக்கு வருபவர்களுக்கு மாற்றுவது. புதிய விதி பழையதைவிட நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் ஏற்கெனவே நிற்பவரிடம் பாதியில் போய் அதைச் சொல்வது வேறு. மூன்றாவது, ஒருவரை வகுப்பறைக்குள் விட்டுவிட்டால், அது ஒரு மாதத்துக்கென்றாலும், அந்த வேலைக்கு உரிய முழுச் சம்பளம். எங்கள் பெஞ்ச் கணக்குதான் இது. காத்திருக்க வைப்பவருக்கும் கொஞ்சம் செலவாக வேண்டும். அப்போதுதான் முடிவுகள் வேகமாக வரும்.

தங்கச்சியிடம் அன்றைக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. முதலில் அக்கா நம்பரைக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்களாம். அக்கா 2024 பிப்ரவரித் தேர்வை 41 வயதில் எழுதினாள், கிடைக்கவில்லை. இப்போது கோவில்பட்டியில் வீட்டு மாடியில் 30 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். தங்கச்சியிடம் அவள் சொன்னது இது: “காத்திரு, வேண்டாம்னு சொல்லல. ஆனா எத்தன வருஷம்னு இன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வை. நான் எழுதி வைக்கல.” கூடவே, ஒரிஜினல் சான்றிதழை முதலில் வாங்கு என்றும் சொல்லியிருக்கிறாள்.

தங்கச்சி 2028 என்று எழுதி வைத்திருக்கிறாள். சான்றிதழைக் கேட்டதற்குப் பள்ளியில் முகத்தைத் தூக்கினார்கள். மூன்றாம் முறை கேட்டபோது கொடுத்துவிட்டார்கள். இந்த நவம்பரில் டெட் எழுதிவிட்டு வந்தாள். அதே ஹாலில், 20 வருடம் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரும் எழுதினாராம். பணியில் இருப்பவர்களும் டெட் தேற வேண்டும் என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தவர். “அந்த டீச்சருக்குக் கை நடுங்கிச்சுண்ணே. எனக்கு அவங்கள பாக்க பாவமாவும் இருந்துச்சு, நமக்கு ஒரு இடம் காலியாகுமான்னும் தோணுச்சு. அப்படித் தோணுனது தப்பா?” என்று கேட்டாள்.

தப்பில்லை என்று சொன்னேன். ஒருவர் விழுந்தால்தான் இன்னொருவருக்கு இடம் என்ற நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் அக்காவுக்குப் போன் போட்டேன். 2018இல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். அவள் டியூஷனில் இருந்தாள். “பிள்ளைக இருக்குடா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டாள். பின்னணியில் யாரோ பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.